சந்தா நின்றால் எது நிற்கும்? விண்டோஸ் 10க்குப் பிறகு எந்த வழி

"அடுத்த விண்டோஸ் மாதச் சந்தாவில்தான் வருமாம், கட்டாவிட்டால் கம்ப்யூட்டரே திறக்காதாம்" என்ற பேச்சு மறுபடி பலமாகக் கேட்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. விண்டோஸ் 10க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. இன்னும் ஒரு வருடம் வேண்டுமானால் 30 டாலர் கட்டலாம் என்றது மைக்ரோசாஃப்ட். நிறுவனங்களுக்கு இப்படிக் காசுக்கு அப்டேட் விற்பது பழைய வழக்கம். வீட்டில் கணினி வைத்திருப்பவர்களிடம் கேட்டது இதுதான் முதல்முறை. டிடிஎச் ரீசார்ஜ் தீர்ந்தால் டிவி கறுப்பாவது மாதிரி ஒருநாள் கணினியும் ஆகிவிடுமோ என்று மக்கள் பயப்படுவதில் தப்பே இல்லை.

அந்தப் பயத்தில் சிலர் நன்றாக ஓடும் கணினியை ஓரம்கட்டிவிட்டுத் தவணையில் புதுசு வாங்குகிறார்கள். சிலர் எதுவுமே செய்யாமல், அப்டேட் நின்ற கணினியிலேயே நெட் பேங்கிங் பார்க்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் பல வழிகள் இருக்கின்றன. எது எவ்வளவு விலை என்று பட்டியல் போடுவது எளிது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு கேள்வி: நாளைக்கே பணம் கட்டுவதை நிறுத்தினால், என் மேஜையில் எது நின்றுபோகும்? இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், மலிவாகத் தெரியும் சில வழிகள் கழுத்தைப் பிடிப்பவை என்பதும், செலவாகத் தெரியும் சில வழிகளில் பயமே இல்லை என்பதும் புரியும்.

பத்து வருடமாகச் சுற்றும் பேச்சு

விண்டோஸ் சந்தா என்ற ஊகம் புதிதல்ல. 2015 ஜனவரியில், விண்டோஸ் 7, 8.1 வைத்திருப்பவர்கள் முதல் ஒரு வருடத்துக்குள் மாறினால் விண்டோஸ் 10 இலவசம் என்று அறிவித்தார்கள். "அப்போ இரண்டாவது வருடத்திலிருந்து காசா?" என்ற கேள்வி உடனே கிளம்பியது. ஒருமுறை மாறிவிட்டால், அந்தக் கணினியின் ஆதரவுக் காலம் முழுவதும் கூடுதல் கட்டணம் இல்லை என்று நிறுவனம் சொன்னது. பத்து வருடம் அப்படித்தான் நடந்தது.

அடுத்த வருடம், 2016இல், விண்டோஸ் 10 எண்டர்பிரைஸ் ஈ3 என்ற பதிப்பு ஆளுக்கு மாதம் 7 டாலர் என்று வந்தது. தலைப்பை மட்டும் படித்தவர்கள் விண்டோஸே சந்தாவாகிவிட்டது என்று பரப்பினார்கள். அது நிறுவனங்களுக்கான கூடுதல் வசதிகளுக்கான கட்டணம்தான். வீட்டுப் பதிப்பைத் தொடவே இல்லை.

2023 தான் ஊகம் சூடுபிடித்த வருடம். அந்த ஜூனில், ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் நிறுவனத்தை வாங்கும் விவகாரத்தில் அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் மைக்ரோசாஃப்டின் உள்ஆவணம் ஒன்று வெளியே வந்தது. 2022இல் தயாரானது அது. வீட்டுப் பயனர்களுக்கான விண்டோஸையும் மேலும் மேலும் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் இருக்கும் சர்வர்களுக்கு, கொண்டுபோகும் எண்ணம் அதில் இருந்தது. அக்டோபரில், விண்டோஸ் 11இன் சோதனைப் பதிப்பு ஒன்றில் சந்தா பற்றிய சில வரிகளை யாரோ கண்டுபிடித்தார்கள். விண்டோஸ் 12 சந்தாவில்தான் வருகிறது என்று செய்திகள் பறந்தன. தொழிற்கருவிகளில் போடும் ஐஓடி எண்டர்பிரைஸ் பதிப்புக்கான வரிகள் அவை என்று பின்னர் தெரிந்தது. திருத்தம் முதல் செய்தி போன தூரம் போகவில்லை.

வீட்டுக் கணினியில் விண்டோஸைத் திறக்கவே மாதக் கட்டணம் என்பது நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. இயங்குதளத்தின் விலை கீழேதான் போய்க்கொண்டிருக்கிறது. ஆப்பிளையே பாருங்கள்: லெப்பர்ட் காலம் வரை ஒவ்வொரு பதிப்புக்கும் 129 டாலர் வாங்கினார்கள். 2009இல் ஸ்னோ லெப்பர்ட் 29 டாலர். 2012இல் மவுண்டன் லயன் 20 டாலருக்குச் சற்றுக் குறைவு. 2013இல் மேவரிக்ஸ் இலவசம். அதற்கப்புறம் ஏறவே இல்லை. கணினியை விற்கும்போதே காசு வந்துவிடுகிறது. மிச்சத்தை ஐகிளவுட் மாதிரியான சேவைகளில் எடுத்துக்கொள்கிறார்கள். மைக்ரோசாஃப்டுக்கும் லேப்டாப் தயாரிப்பாளரிடமிருந்து உரிமக் காசு வந்துவிடுகிறது. அதன்பின் நீங்கள் விண்டோஸுக்குள் இருந்தால்தான் ஆஃபீஸ், ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பு, கோபைலட் என்ற ஏஐ உதவியாளர் எல்லாம் விற்க முடியும். வாசலில் கட்டணம் வைத்தால் கடைக்குள் கூட்டம் குறையும்.

ஆகவே கவலைப்பட வேண்டிய இடம் கடைக்குள் இருக்கிறது.

கட்டணம் எங்கே வந்துவிட்டது

2025 ஜனவரியில் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் 365 பெர்சனல் ஆண்டுச் சந்தா 69.99 டாலரிலிருந்து 99.99 ஆனது. கோபைலட்டை உள்ளே சேர்த்ததற்கான ஏற்றம். கோபைலட் வேண்டாம் என்பவர்கள் பழைய விலையிலேயே இருக்க 'கிளாசிக்' என்று ஒரு திட்டமும் இருந்தது. ஆனால் ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் அந்த அக்டோபரில் போட்ட வழக்கில் சொன்னது இது: சுமார் 27 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு வந்த அறிவிப்பில் அந்தத் திட்டத்தின் பெயரே இல்லை, கூடுதல் விலை கட்டு, இல்லையேல் ரத்து செய் என்ற தோற்றமே இருந்தது. ரத்து செய்யப்போகிறேன் என்று அழுத்திக்கொண்டே போனவர்களின் கண்ணில்தான் கிளாசிக் பட்டது. பிறகு மைக்ரோசாஃப்ட் அங்கே மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சந்தாவின் உண்மையான ஆபத்து இப்படித்தான் வருகிறது. முதல் மாதத் தொகை பெரிதாக இருக்காது. பழகிப்போன பிறகு விலை ஏறும்போது விட்டுவிட்டுப் போக முடியுமா என்பதுதான் விஷயம். மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவை நிறுத்தினால் வேர்டும் எக்செலும் பார்க்கவும் அச்செடுக்கவும் மட்டும் விடும், திருத்த விடாது. ஒன்டிரைவில் இலவச 5 ஜிபியைத் தாண்டி வைத்திருந்தால் புதிதாக எதுவும் ஏறாது. நீண்ட நாள் அப்படியே விட்டால் உள்ளிருப்பது அழிக்கப்படவும் கூடும்.

அடோபியைப் பற்றி ஃப்ளெக்ஸ் கடைக்காரர்களுக்கும் டிடிபி சென்டர்காரர்களுக்கும் நான் சொல்லத் தேவையில்லை. 2012இல் வந்த சிஎஸ்6 தான் ஒருமுறை காசு கொடுத்து வாங்கக்கூடிய கடைசித் தொகுப்பு. 2013 மேயில், இனி எல்லாம் கிரியேட்டிவ் கிளவுட் சந்தாதான் என்றார்கள். கட்டணம் நின்றால் ஃபோட்டோஷாப் திறக்காது. டிசைன் ஃபைல் உங்களுடையது, ஆனால் அதைத் திறக்கும் சாவி உங்களுடையதல்ல.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் நம் ஊர்க் கடைகளிலேயே இருக்கிறது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒருமுறை வாங்கும் உரிமம் எடுத்தால், ஆண்டுதோறும் டிஎஸ்எஸ் என்ற அப்டேட் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்வார்கள். புதுப்பிக்காவிட்டால் புதிய பதிப்புகளும் இணையத்தோடு இணைந்த வசதிகளும் நிற்கும். ஆனால் வாங்கிய டேலி திறக்கும், பழைய கணக்குகள் அப்படியே இருக்கும், புது வவுச்சரும் போடலாம். இப்படிப்பட்ட சந்தாவுக்கு நான் எதிரியே இல்லை. உழைப்புக்குக் காசு கேட்கிறார்கள், தருகிறோம். தராத வருடம் நம் கடை மூடாது. அதே டேலியில் மாத வாடகை உரிமமும் உண்டு. அதன் கணக்கு வேறு.

ஒரு வருட நீட்டிப்பு

விண்டோஸ் 10க்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம், சுருக்கமாக ஈஎஸ்யூ, வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை. சேர மூன்று வழிகள் வைத்தார்கள்: 30 டாலர் கட்டலாம், மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 கொடுக்கலாம், அல்லது விண்டோஸ் பேக்கப்பை இயக்கி, கணினியின் அமைப்புகளை ஒன்டிரைவோடு இணைத்தால் காசே இல்லாமல் சேரலாம். விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு தெரியும். ஒரே கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம். அலுவலக டொமைனில் (நிறுவனத்தின் மைய நிர்வாகத்தில்) இணைந்த கணினிகளுக்கு இது கிடையாது.

காசு கட்டினாலும் கட்டாவிட்டாலும், மூன்று வழியிலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று கட்டாயம். கணக்கே இல்லாமல் வருடக்கணக்காக விண்டோஸ் 10 ஓட்டியவர்கள் இங்கேதான் முதல்முறையாக உள்ளே இழுக்கப்படுகிறார்கள். ஐரோப்பியப் பொருளாதார வட்டார நாடுகளில் நுகர்வோர் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு பேக்கப் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அங்கும் கணக்கு தேவைதான். நமக்குப் பேக்கப் நிபந்தனை அப்படியே இருக்கிறது. இலவச வழியில் சேர்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அமைப்புகளை மட்டும் சேமித்தால் போதும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களையும் ஒன்டிரைவுக்கு அனுப்பவா என்று கேட்கும் இடத்தில் ஆம் என்று விட்டீர்களானால், கல்யாண ஃபோட்டோக்களே 5 ஜிபியை நிரப்பிவிடும். மறுநாளிலிருந்து இடம் வாங்கச் சொல்லும் அறிவிப்பு வரத் தொடங்கும்.

என் கேள்விக்கு இந்த வழி தரும் பதில் நல்ல பதில்தான். ஈஎஸ்யூ முடிந்தாலும் கணினி திறக்கும், எல்லாம் ஓடும். ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் மட்டும் வராது. அதனால் இதை நிதானமாக யோசிக்கக் கிடைத்த அவகாசமாக எடுத்துக்கொள்ளுங்கள். தீர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நிறுவனங்களின் கணக்கு வேறு. முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டாலர், இரண்டாம் வருடம் 122, மூன்றாம் வருடம் 244. மொத்தம் 427 டாலர். விண்டோஸ் 11 புரோவின் சில்லறை விலையே அமெரிக்காவில் 199 டாலர்தான். பள்ளிகளுக்கு மட்டும் 1, 2, 4 டாலர் என்று வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட ஆய்வகம் வைத்திருப்பவர்கள் அதைத் தயங்காமல் எடுக்கலாம்.

விண்டோஸ் 11

உங்கள் கணினி தகுதி பெற்றிருந்தால் விண்டோஸ் 11 இலவசம். இது தெரியாமலே புதுசு வாங்கியவர்கள் இருக்கிறார்கள், அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தகுதிக்குத் தேவை டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பான தொடக்க வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், அப்புறம் புராசசர். மற்றதெல்லாம் பெரும்பாலும் இருக்கும், புராசசர்தான் வழிமறிக்கும். இன்டெலில் 8ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் பொதுவாக ஏற்பார்கள்.

எப்படிப் பார்ப்பது? கணினியின் பண்புகள் பக்கத்தில் கோர் ஐ5க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8250யூ என்றால் 8ஆம் தலைமுறை, உள்ளே. 7200யூ என்றால் 7ஆம் தலைமுறை, வெளியே. முதலாவது 2017இல் வந்தது, இரண்டாவது 2016இல். கடை அலமாரியில் அடுத்தடுத்து இருந்த, பார்க்க ஒரே மாதிரியான இரண்டு லேப்டாப்கள். ஒன்றுக்கு விண்டோஸ் 11 உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. 7200யூ இருக்கும் லேப்டாப்பில் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் இன்றைக்கும் ஆஃபீஸ் வேலைக்குத் தாராளமாகப் போதும். அதைக் குப்பைக்கு அனுப்புவது வீண்.

தகுதி இல்லாத கணினியிலும் ரூஃபஸ் மாதிரியான கருவிகளை வைத்து விண்டோஸ் 11 போட்டுவிடலாம். கடைகளில் போட்டும் தருகிறார்கள். தினசரி வேலை நடக்கும். ஆனால் வருடாந்தரப் பெரிய அப்டேட்டைத் தானாக வரும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு முறையும் யாராவது கையால் ஏற்ற வேண்டும். கணினி தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் சரி. இல்லாவிட்டால் வேண்டாம் என்பேன்.

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும் புதுப்பித்த அலுவலக லேப்டாப்களை முதலில் பாருங்கள். 8ஆம் தலைமுறைக்கு மேல் என்பதை மட்டும் கறாராகக் கேளுங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கொண்டிருப்பதால், ரேம் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று 4 ஜிபியோடு எடுக்காதீர்கள்.

விண்டோஸ் 11இல் பணம் நிறுத்துவது என்ற பேச்சே இல்லை. உரிமம் கணினியோடு வருகிறது. நிற்கக்கூடியது கணக்கு. ஹோம் பதிப்பை அமைக்கும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கிறது. அதைத் தாண்டிப் போகும் குறுக்கு வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறார்கள். 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி அந்தக் கணக்கில் நுழைந்தால், வட்டு தானாகவே பூட்டப்பட்டு, அதைத் திறக்கும் மீட்புச் சாவி அந்தக் கணக்குக்குள் போய் உட்கார்கிறது. லேப்டாப் திருடு போனால் இது பெரிய பாதுகாப்பு. கடைப்பையன் தன் மின்னஞ்சலைப் போட்டு அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், மதர்போர்டு பழுதாகும் நாளில் உங்கள் ஃபைல்களின் சாவி அவனிடம் இருக்கும். உங்கள் கணக்கிலேயே அமைக்கச் சொல்லுங்கள். மீட்புச் சாவியை ஒரு தாளில் அச்செடுத்துப் பீரோவில் வையுங்கள்.

லினக்ஸ்

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ். வீட்டுக் கணினியில் எந்தச் சந்தாவும் நின்றுபோக வழியே இல்லாத இடம் இது. வீட்டுக்கு நான் சொல்வது அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்ட். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேம் இருந்தால் நன்றாக ஓடும். விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு ஸ்டார்ட் மெனு இருக்கும் இடத்திலேயே மெனு இருக்கும்.

லினக்ஸிலும் சந்தா உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் இருபது வருடத்துக்கு மேலாகச் சந்தாவில்தான் விற்கிறது. உபுண்டு புரோவும் சந்தாதான்; தனிநபருக்கு 5 கணினி வரை இலவசம், ஒரு பதிப்புக்குப் பத்து வருடம் பாதுகாப்பு அப்டேட். இரண்டிலும் சந்தா முடிந்தால் அப்டேட்டும் உதவியும்தான் நிற்கும். கணினி ஓடும்.

லினக்ஸுக்கு மாறுவது சுலபம் என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். யாருக்குச் சுலபம், யாருக்குக் கஷ்டம் என்று பிரித்துச் சொல்கிறேன்.

பிரவுசர், மின்னஞ்சல், யூடியூப், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, எப்போதாவது ஒரு கடிதம், இவ்வளவுதான் வேலை என்றால் சுலபம். தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி மூலம் தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையும் கிடைக்கின்றன. என்எச்எம் ரைட்டருக்கோ இ-கலப்பைக்கோ பழகிய விரல்கள் சில நாளில் பழகிக்கொள்ளும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வேர்ட் ஃபைல்கள் முதலில் திறக்கும்போது ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கலந்து ஒன்றும் புரியாமல் தெரியும். பயப்பட வேண்டாம். அந்த எழுத்துரு ஃபைலை விண்டோஸிலிருந்து எடுத்து இங்கே நிறுவினால், லிப்ரஆஃபீஸ் என்ற இலவச ஆஃபீஸ் தொகுப்பில் தமிழ் அப்படியே வந்துவிடும். அட்டவணைகள்தான் கொஞ்சம் இடம் மாறும். அழைப்பிதழ் மாதிரி பக்க அமைப்பு இறுக்கமான ஃபைல்களை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கஷ்டம் யாருக்கு? டேலி வைத்திருப்பவர்களுக்கு, ஏனென்றால் அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. கோரல் டிரா, பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப் வைத்து அச்சு வேலை செய்பவர்களுக்கு. டிஜிட்டல் கையொப்ப டோக்கனை மாட்டி ஜிஎஸ்டி, கம்பெனி படிவங்கள் தாக்கல் செய்பவர்களுக்கு. தனிநபர் வணிகர் மொபைலுக்கு வரும் ஓடிபியிலேயே ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுவிடலாம்; கம்பெனிகளுக்கும் எல்எல்பிக்களுக்கும் கையொப்ப டோக்கன் கட்டாயம். அதன் டிரைவரும் கையெழுத்துப் போடும் சிறு மென்பொருளும் விண்டோஸில்தான் சிக்கலில்லாமல் ஓடும். ரிட்டர்ன் போடக் கடைசி நாளான 20ஆம் தேதி இரவு சோதனை செய்து பார்க்க வேண்டிய விஷயம் அல்ல அது.

பிரிண்டரையும் மறக்காதீர்கள். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் லினக்ஸில் மாட்டியதும் வேலை செய்யும். நம் ஊர் அலுவலகங்களில் எங்கு பார்த்தாலும் இருக்கும் கேனன் எல்பிபி 2900க்கு டிரைவர் உண்டு, ஆனால் அதை நிறுவுவது பெரும்பாடு. அதனால் மின்டை முதலில் பென்டிரைவில் போட்டு, கணினியில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா, ஒரு பக்கம் அச்சாகிறதா, வங்கித் தளம் திறக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

தமிழ்நாட்டில் அரசின் எல்காட் நிறுவனம் உமாசங்கர் ஐஏஎஸ் தலைமையில் இருந்தபோது சூசே லினக்ஸுக்கு மாறியது பலருக்கு நினைவிருக்கும். சென்னையில் மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்தக் காலத்தில் வந்ததுதான். ஆனால் நீடித்து நின்ற உதாரணம் கேரளத்துப் பள்ளிகள். அங்கே ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்தார்கள், பாடத்தையே லினக்ஸில் அமைத்தார்கள். வீட்டிலும் அப்படித்தான்: கேட்டால் சொல்லித்தர ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் லினக்ஸ் நிற்கும். இல்லாவிட்டால் முதல் சிக்கலிலேயே யாராவது விண்டோஸை மறுபடி போட்டுவிடுவார்கள்.

மற்றவை சுருக்கமாக

குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ்: கூகுள் தரும் இலவச இயங்குதளம், 2022இலிருந்து பொதுப் பயன்பாட்டில் இருக்கிறது. பிரவுசரைத் தவிர வேறெதுவும் தேவையில்லாத வயதானவர்களுக்கு மிக நல்லது. குரோம்புக்கில் இருப்பதுபோல ஆண்ட்ராய்டு ஆப்கள் இதில் வராது. எல்லாம் கூகுள் கணக்கில் இருக்கும். 15 ஜிபி நிறைந்தால் அங்கேயும் வாடகை.

மேக்: பணம் இருப்பவர்களுக்கு நிம்மதி. பழைய இன்டெல் மேக்கை மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அவற்றுக்கு மேக்ஓஎஸ் டஹோ தான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே சொல்லிவிட்டது.

விண்டோஸ் 365: வதந்தியில் சொல்லும் சந்தா விண்டோஸ் உண்மையிலேயே இருக்கிறது என்றால் அது இதுதான். 2021 ஆகஸ்டில் நிறுவனங்களுக்காக வந்தது. கணினி மைக்ரோசாஃப்டின் சர்வரில் ஓடும். உங்கள் மேஜையில் திரை மட்டும். வந்த புதிதில் 4 ஜிபி ரேம் கொண்ட ஒரு கணினிக்கு ஆளுக்கு மாதம் 30 டாலருக்கு மேல். ஊர் ஊராக ஆள் வைத்து வேலை வாங்கும் கம்பெனிக்கு இது பொருத்தம்தான். லேப்டாப் தொலைந்தாலும் தரவு தொலையாது. ஒரு கடைக்கோ வீட்டுக்கோ நான் சொல்ல மாட்டேன். இங்கே பணம் நின்றால் மென்பொருள் மட்டும் நிற்காது. டெஸ்க்டாப், ஃபைல், நிறுவி வைத்ததெல்லாம் ஒன்றாகப் போகும். இணையம் அறுந்த மதியத்திலும் அதே கதிதான்.

கடைசியாக, கிராக், அதாவது திருட்டுப் பதிப்பு. 'எல்டிஎஸ்சி போட்டுத் தரேன் சார், 2032 வரைக்கும் அப்டேட் வரும்' என்று கடைகளில் சொல்கிறார்கள். ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 என்ற நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்கு அந்த ஆதரவு உண்மைதான். ஆனால் அதை வீட்டுக்கு ஒன்றிரண்டாக விற்பதில்லை. சில நூறு ரூபாய்க்கு அது கிடைத்தால், ஆக்டிவேட் செய்ய ஒரு திருட்டுக் கருவி உள்ளே ஓடியிருக்கிறது என்று அர்த்தம். வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் யார் எழுதியது என்றே தெரியாத அந்தக் கருவிக்கு முழு அதிகாரம் கொடுத்திருக்கிறோம். எவ்வளவு பணம் மிச்சம் என்றாலும் வேண்டாம்.

நான் என்றால் எதை எடுப்பேன்

வீட்டில் இருக்கும் 6ஆம், 7ஆம் தலைமுறை லேப்டாப்பில் ஈஎஸ்யூவை இலவச வழியில் சேர்த்துவிட்டு, பென்டிரைவில் மின்டைப் பழக ஆரம்பிப்பேன். 2026 அக்டோபருக்குள் பழகிவிட்டால் மாறிவிடுவேன். 8ஆம் தலைமுறைக்கு மேல் என்றால் இன்றைக்கே விண்டோஸ் 11. வேர்டுக்காக மட்டும் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்டிக்கொண்டிருந்தால், விண்டோஸிலேயே லிப்ரஆஃபீஸை நிறுவி ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பேன். இயங்குதளத்தை மாற்றாமலே ஒரு வாடகை குறையும்.

ஐந்தாறு கணினி உள்ள ஆடிட்டர் அலுவலகம், மருந்துக்கடை, சிறு தொழிற்கூடம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு தேட வேண்டாம். ஐந்து பழைய கணினிகளுக்கு நிறுவன ஈஎஸ்யூ மூன்று வருடம் கட்டினால் 2135 டாலர் ஆகிறது. அந்தக் காசில் டேலிக்கும் கையொப்ப டோக்கனுக்கும் விண்டோஸ் 11 ஓடும் நல்ல கணினிகளே வாங்கிவிடலாம். பில் பார்க்க, மின்னஞ்சல் அனுப்ப, கடிதம் அடிக்க இருக்கும் மற்றவற்றில் மின்ட் போடலாம். அந்தப் பழைய கேனன் பிரிண்டரை விண்டோஸ் கணினியிலேயே மாட்டி வையுங்கள். மற்ற மேஜைகளிலிருந்து பிடிஎஃப் ஆக்கிப் பொது ஃபோல்டரில் போட்டால், அங்கிருந்து அச்செடுத்துக்கொள்ளலாம்.